முதல் கரையாமல் ஒரு கேம் கம்பெனி

இந்த மாத வகுப்புக்குத் திருக்குறளின் 47-ஆம் அதிகாரம், தெரிந்துசெயல்வகை. உரையை வாசித்துப் பொருள் சொல்லிவிட்டுப் போவதைவிட, நம்மில் நாலு பேர் கூடினால் எப்படியும் வந்துவிடும் ஒரு பேச்சோடு சேர்த்துப் படிக்கலாம் என்று தோன்றியது. "வேலை கிடைக்கிற மாதிரி தெரியல, நாமளே ஒரு கேம் கம்பெனி ஆரம்பிச்சா என்ன?" நான் பொறியியல் மாணவன். இந்தப் பேச்சு எங்கள் கேன்டீனிலும் ஓடுகிறது, பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையிலும் ஓடுகிறது.

அதிகாரத்தின் முதல் குறள் (461) மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: என்ன போகும், என்ன வரும், வந்தது தொடர்ந்து என்ன தரும். 463 இன்னும் கறார். வரப்போகும் லாபத்தை நினைத்துக்கொண்டு கையில் இருக்கும் முதலையே விட்டுவிடும் காரியத்தில் விவரம் தெரிந்தவர் இறங்கமாட்டார் என்கிறது. இதைப் படித்துவிட்டு "அப்போ பிசினஸே வேண்டாம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் 466-ஐயும் பார்க்க வேண்டும். செய்யக் கூடாததைச் செய்தாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் கேடு. வள்ளுவர் இரண்டு பக்கமும் கதவை அடைக்கிறார்.

நம் வீடுகளில் "முதல்" என்றால் என்ன? பல இடங்களில் அது அப்பா அம்மாவின் இ.பி.எஃப். பணம்தான். கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று எடுத்து எடுத்து நிறையப் பேர் கணக்கு ஏற்கெனவே மெலிந்துவிட்டது. 463-ஐ வெறும் பரீட்சைக் குறளாக நான் நினைக்காததற்கு அதுதான் காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று நண்பர்கள். ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் (2025 பிப்ரவரியிலிருந்து அதுதான் சட்டம்). முதலாளி பங்கு இ.பி.எஃப். 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். மூன்று பேருக்கும் சேர்த்து 5,763. சொக்சோ, இணையம், மின்சாரம், இடம் எல்லாம் சேர்த்து மாதம் 7,000 என்று வைப்போம். ஒன்றரை வருடம் எடுக்கும் கேம் என்றால் செலவு 126,000 ரிங்கிட்.

இனி வரவு. ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டாலர் கட்டணம். விற்பனையில் 30 விழுக்காடு அவர்களுக்கு. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் விற்றதில் நமக்கு வரவேண்டிய பங்கிலிருந்து இன்னொரு 30 விழுக்காடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். தள்ளுபடி விற்பனை வேறு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் காசைத் திரும்பக் கேட்கலாம். 10 டாலர் கேமில் சராசரியாக 5 டாலர் கையில் நின்றாலே நல்லது. டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தால் 20 ரிங்கிட். 126,000-ஐ எடுக்க 6,300 பேர் வாங்க வேண்டும், அதுவும் முதல் மட்டும் திரும்புவதற்கு.

அதே மூன்று பேர் ஆறு மாதத்தில் முடியும் சின்ன கேம் செய்தால் செலவு 42,000. சின்ன கேமுக்கு விலையும் பாதிதான் வைக்க முடியும், ஆக 4,200 பேர் தேவை. அதுவும் சுலபமில்லை. ஆனால் ஒருவர்கூட வாங்காவிட்டால் போவது 42,000, 126,000 இல்லை. குறள் சொல்லும் முதல் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது.

"நாங்க சம்பளமே எடுக்கமாட்டோம், அப்புறம் என்ன செலவு?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சாப்பாட்டையும் மோட்டார் சைக்கிள் தவணையையும் யாராவது கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அந்த 1,700 அம்மா கணக்கில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்குக் கடை போடுகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். சரக்கு முன்னாலேயே வாங்கணும், விற்பது சில வாரம், நடுவில் மழை வந்தால் போச்சு. கேமும் அப்படித்தான். மாதக்கணக்கில் செலவு, வெளியான முதல் சில வாரத்தில் பெரும்பகுதி வரவு. மழைக்குப் பதிலாக அதே வாரத்தில் ஒரு பெரிய கம்பெனி கேம் வந்து இறங்கும்.

மந்தநிலையில் நம் ஊர் ஸ்டூடியோக்கள் எப்படிப் பிழைத்தன? ஸ்ட்ரீம்லைன் ஸ்டூடியோஸ் 2001-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கோலாலம்பூருக்கு இடம் மாறியது. சோறு போட்டது பிறருடைய கேம்களுக்குச் செய்துகொடுத்த வேலை. ஃபைனல் ஃபேன்டசி 15, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பேஷன் ரிபப்ளிக்கும் பல வருடம் மற்றவர்களுக்குக் கலை வேலை செய்த பிறகுதான் 2022-இல் கிகாபேஷ் என்ற சொந்த கேமைக் கொண்டுவந்தது. சம்பளத்துக்கு ஒப்பந்த வேலை, மனசுக்குச் சொந்த கேம் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் பழகிய வழி.

அந்த வழியிலும் பள்ளம் உண்டு. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், பிப்ரவரியில் சோனி பிளேஸ்டேஷன் 900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அங்கே ஒரு கேம் நின்றால் இங்கே ஒரு ஆர்டர் நிற்கும். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் ஸ்டூடியோ, ஒரே பால்மரத் தோட்டத்தை நம்பியிருந்த நம் தாத்தாக்கள் மாதிரிதான். மந்தநிலையில் ஒரு சின்ன நன்மையும் இருக்கு. செலவு ரிங்கிட்டில், வரவு டாலரில். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 ரிங்கிட்டை ஒட்டிப் போனபோது வெளிநாட்டில் விற்றவர்களுக்கு லாபம். ஆனா அதை நம்பித் திட்டம் போடாதீங்க, ரிங்கிட் ஏறவும் செய்யும்.

மெட்ரோனோமிக் கதையையும் தெரிந்துகொள்ளணும். டோக்கியோவில் ஃபைனல் ஃபேன்டசி 15-இல் வேலை பார்த்த வான் ஹஸ்மர், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு வரைந்த தன் உறவினர் டைம் சியாவுடினுடன் 2017-இல் தொடங்கியது. நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020 ஜூன் 30-இல் வரவேண்டியது. கோவிட்டால் ஆகஸ்ட் 25-க்குத் தள்ளிப்போனது. அனுபவசாலிகள், பின்னால் ஒரு வெளியீட்டாளர், அப்படியும் எட்டு வாரம். நம் மூன்று நண்பர்களுக்கு எட்டு வாரம் என்றால் 14,000 ரிங்கிட். அது கணக்கில் முதலிலேயே இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து? எம்டெக் எனப்படும் மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகத்தின் மானியங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் மானியம் வரும் தேதியைச் சம்பளத் தேதியாக எழுதி வைக்காதீங்க. தெக்குனின் ஸ்புமி நம் சமூகத்துக்கென்றே உள்ள திட்டம். அது கடன், கேம் விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை உண்டு. கூட்டுச் சீட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அது இந்த நாட்டில் 1971-லிருந்து சட்டப்படி தடை. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற நம்ம தமிழ் வார்த்தை இருக்கிறது, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

கடைசியாக, எதைச் செய்வது? நம்ம பசங்க யாரைக் கேட்டாலும் முதல் கேமே மகாபாரதம், அதுவும் குருக்ஷேத்திரம் முழுசா! புனேயின் நோடிங் ஹெட்ஸ் செய்த ராஜியைப் பாருங்க. துர்க்கையின் அருளோடு தம்பியைத் தேடிப்போகும் ஒரு பெண்ணின் கதை, சில மணி நேரத்தில் முடியும். 2017-இல் மக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோற்றும், 2020-இல் வெளியானது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் கொண்டுவந்த வெண்பா இன்னும் சின்னது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு சமையலறை, பாதி அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான். இட்லிப் பானையை வைத்து விளையாட்டு செய்ய முடியும் என்றால் பத்துமலைக்குக் காவடி கட்டும் முதல் நாள் இரவை வைத்தும் செய்யலாம், ஒரு வீடு, ஆறு பேர் போதும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் யோசனையை ஒரே தாளில் எழுதி வாங்க. மாதச் செலவு, எத்தனை மாதம், எத்தனை பேர் வாங்கினால் முதல் திரும்பும், பணம் யாருடையது. லேப்டாப் வேண்டாம், கால்குலேட்டர் போதும். 464-லிருந்து அங்கேயே தொடர்வோம்.