இது என்ன வால்வு?

மும்பை தாராவியில் ஒரு சந்து. அங்கே தினமும் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் பரண்மேல் தொட்டி இருந்தது. தெருவிலிருந்து வரும் குழாய் அதன் அடியில் சேர்ந்தது. காலையில் தொட்டி நிறைந்தது. மதியம் பார்த்தால் காலி! எங்கும் ஒழுகவில்லை.

"தண்ணி எங்கே போகுது அத்தை?" என்றாள் மருமகள்.

மாமியார் குழாயைப் பார்த்துக்கொண்டே போனார். வாசல் அருகே ஒரு பித்தளை வால்வு இருந்தது. அதற்குக் கைப்பிடி இல்லை.

"மூட முடியாத வால்வு எதுக்கு?" என்றார்.

கைப்பிடியைப் பார்த்தே பல வால்வுகளை அடையாளம் காணலாம். வட்டக் கைப்பிடியைப் பல சுற்று திருக வேண்டுமா? அது பெரும்பாலும் கேட் வால்வு. நீளக் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் போதுமா? அது பால் வால்வு. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

கைப்பிடி இல்லை, மேலே அம்புக்குறி மட்டும் இருக்கிறது என்றால்? அது தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு. கடையில் என்.ஆர்.வி. என்பார்கள். உள்ளே ஒரு சிறு கதவு உண்டு. அம்பு காட்டும் பக்கம் தண்ணீர் போனால் கதவு திறக்கும். திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். கதவு தேய்ந்தாலும், மண் சிக்கினாலும் சரியாக மூடாது. அந்த வீட்டில் நடந்தது இதுதான். தெருக்குழாயில் தண்ணீர் நின்றதும், தொட்டித் தண்ணீர் வந்த வழியே போய்விட்டது.

புது வால்வு வாங்க அளவு வேண்டும். மருமகள் இரும்புக் குழாயின் வெளிப்புறத்தை ஸ்கேலால் அளந்தாள். சுமார் 21 மி.மீ. இருந்தது.

"20 கேக்கலாமா அத்தை?"

மாமியார் வால்வைத் துணியால் துடைத்தார். அதில் 1/2 என்று இருந்தது. "அரை இஞ்ச்" என்று படித்தார்.

இரும்புக் குழாயில் அரை இஞ்சுக்கு 15 மி.மீ. என்று பெயர். வெளிப்புறம் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். 20 என்று கேட்டால் முக்கால் இஞ்ச் வால்வு தருவார்கள். மரை பிடிக்காது. பணம் வீண். பிளாஸ்டிக் குழாயின் கணக்கு வேறு.

இந்த வால்வுக்கு உள்ளே மரை. குழாய் முனைக்கு வெளியே மரை. பக்கத்தில் பெரிய நட்டு போல இருப்பது யூனியன். முதலில் அதைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டிவரும்!

குழாய் ரிப்பேர்காரர் வந்தார். யூனியனைக் கழற்றினார். மரையில் வெள்ளை டேப் சுற்றினார். புது வால்வை எடுத்துப் பொருத்தப் போனார்.

"தம்பி, அம்பு தெருவைப் பாக்குதே!" என்றார் மாமியார்.

அப்படியே மாட்டியிருந்தால் வீட்டுக்குள் தண்ணீரே வந்திருக்காது. அவர் வால்வைத் திருப்பிப் பிடித்து மாட்டினார்.