வேலையோடு பிணைத்த சிற்றுண்டிப் பழக்கம்

பயறும் கச்சானும் விளைவிக்கும் கமக்காரர் வீடுகள் பலவற்றில் மாலைத் தேநீருடன் உண்ணப்படுவது கடையில் வாங்கிய விசுக்கோத்தே. விளைந்த பயறு மூடையோடு சந்தைக்குச் செல்கின்றது. அதை விற்ற பணத்தில் ஒரு பங்கு, சீனியும் கோதுமை மாவும் கலந்த பண்டமாக வீட்டுக்குத் திரும்புகின்றது. வளவிற் பழுத்த கொய்யா வௌவாலுக்கு இரையாகின்றது. இதனால் வரும் நட்டம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. இரும்புச்சத்துப் போதாத உணவினால் வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் குருதிச்சோகைக்கு ஆளாகின்றனர். சீனி மிகுந்த உணவினாற் பற்கள் பழுதடைகின்றன.

பயறு நல்லதென்பதை அறியாத கமக்காரர் இலர். எனினும், பசி வரும் வேளையில் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே உண்ணப்படும். பயற்றை ஊறவைத்து அவிக்க வேண்டும். விசுக்கோத்துக்கோ பேணியைத் திறந்தாற் போதும். ஆகவே நல்ல சிற்றுண்டியை நினைவின் பொறுப்பில் விடாது, நாள்தோறும் தவறாது நடைபெறும் வேலையொன்றுடன் பிணைத்துவிடுதலே தக்க வழியாகும்.

தூண்டுகோல் யாது?

அடுப்பு மூட்டியவுடன் கேத்தல் ஏற்றப்படுகின்றது. மாட்டை அவிழ்த்தவுடன் தொழுவம் கூட்டப்படுகின்றது. இவற்றை எவரும் எவருக்கும் நினைவூட்டுவதில்லை; முன்னைய வேலையே பின்னைய வேலைக்குத் தூண்டுகோலாகின்றது. நல்ல தூண்டுகோல் நாள்தோறும் நிகழ்வதாகவும், அது முடியுந் தருணம் தெளிவாகத் தெரிவதாகவும் இருத்தல் வேண்டும். “மாலையிற் பழம் உண்போம்” என்னும் எண்ணம் எளிதில் மறந்துபோம். “பாடசாலை உடுப்பை மாற்றியவுடன் பழம்” என்பது மறவாது.

வீட்டுக்கேற்ற நான்கு தூண்டுகோல்கள்

1. இரவிற் சோற்றுப்பானை கழுவியவுடன்: மறுநாளைக்கு வேண்டிய பயற்றை நீரில் ஊறவைத்தல். நால்வர் உள்ள வீட்டுக்கு அரைச் சுண்டு பயறு போதுமானது. ஊறிய பயறு விரைவில் அவியுமாதலால் விறகும் மீதமாகும்.

2. இறைப்பு முடிந்து வந்து கைகால் கழுவியவுடன்: அவித்த பயற்றுக்குத் தேங்காய்ப்பூத் தூவி உண்ணுதல். உலர்ந்த பயற்றின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதமாகும். அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதிற் சேர்வதில்லை. தேசிக்காய்ச் சாறோ கொய்யாத்துண்டோ உடன் உண்டால் அவற்றிலுள்ள விற்றமின் சி அதனை உடலிற் சேரச் செய்யும். தேநீர் அதனைத் தடுக்கும். எனவே ஒரு மணி நேரமாயினும் கழித்தே தேநீர் அருந்துதல் நன்று.

3. பிள்ளைகள் பாடசாலை உடுப்பை மாற்றியவுடன்: கொய்யா, பப்பாசி, மாம்பழம் முதலியவற்றுள் அக்காலத்துக்குரிய பழம் ஒன்று. ஒரே நிறையளவில் நோக்கினால், தோடம்பழத்திலும் பன்மடங்கு விற்றமின் சி கொய்யாவில் உண்டு.

4. மாலையிற் கேத்தல் அடுப்பில் ஏறியவுடன்: விசுக்கோத்துக்குப் பதிலாக வறுத்த கச்சான் ஒரு பிடி. தேநீருக்கு இடும் சீனியையும் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் உணவிற் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும். 25 கிராமுக்குக் குறைவாயின் மேலும் நன்று. 25 கிராம் என்பது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டியாகும். பனங்கட்டியும் இக்கணக்கிற் சேரும்.

பண்டம் இருக்கும் இடம்

கச்சானைக் கண்ணாடிப் போத்தலில் இட்டுக் கேத்தலுக்கு அருகில் வைத்தல் வேண்டும். விசுக்கோத்துப் பேணி அலுமாரியின் மேற்றட்டில் இருக்கட்டும். புதிதாக நடும் கொய்யாவையும் பப்பாசியையும் வேலியின் மூலையில் நடாது, கிணற்றுக்குச் செல்லும் வழியோரத்தில் நடுதல் சிறந்தது. நாளும் கண்ணிற்படும் பழம் வீணாவது குறைவு.

பழக்கம் நிலைபெறுங் காலம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக்கொண்டு 12 வாரங்கள் நடத்திய ஆய்வொன்று 2010ஆம் ஆண்டில் அச்சேறியது. உணவு, நீர் அருந்துதல், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொருவரும் தெரிந்து, நாள்தோறும் ஒரே தூண்டுகோலுக்குப் பின் செய்துவந்தனர். பழக்கம் நிலைபெறுதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் வேண்டியிருந்தன. ஆயினும் அக்காலம் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதனால் முயற்சி பெரிதும் கெட்டுவிடவில்லை என்பதும் கண்டறியப்பட்டது.

பயறு விதைத்துக் காய் கொய்வதற்கும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் செல்கின்றன. முளைத்த பத்தாம் நாளிற் காயில்லையென்று எவரும் பயிரை உழுதுவிடுவதில்லை. பழக்கத்துக்கும் அத்தகைய பொறுமை வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பூஞ்சணம் பிடித்த கச்சானை உண்ணலாகாது. அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருத்தல் கூடும். வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுத்தலாகாது; தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்திவிடக்கூடும். அன்னாருக்கு நன்றாக அரைத்தே கொடுத்தல் வேண்டும். நீரிழிவு நோயுள்ளவர்கள் பழத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

நான்கையும் ஒரே நாளிற் தொடங்க முற்படுதல் வேண்டியதில்லை. ஒன்று ஊன்றிய பின்னரே மற்றதைத் தொடங்குக. எல்லாவற்றுக்கும் முந்தியது இரவிற் பயறு ஊறவைத்தல். அது நடந்தால் மறுநாட் சிற்றுண்டிக்கு வழி பிறந்துவிடும். அடுத்த அறுவடையில் விற்பனைக்கு மூடை கட்டுமுன், வீட்டுக்கு வேண்டிய பயற்றையும் கச்சானையும் அளந்து எடுத்து வைத்துக்கொள்க.