நுரையீரலில் ஓட்டை: காரணம் காண்பது எவ்வாறு?

"நுரையீரலில் ஓட்டை விழுந்துவிட்டதாம்" என்று எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மலையேறி வருவோரை ஜவ்வாது மலைக் கிராமங்களில் நாம் அவ்வப்போது காண்கிறோம். கேட்போரும் அதனை ஒரு நோயின் பெயராகவே கொள்கின்றனர். ஓட்டை என்பது நோயன்று. ஏதோ ஒரு நோய் அரித்துக்கொண்டிருக்கிற, அல்லது என்றோ அரித்துவிட்டுப் போன இடமேயாகும். சாமைப் பயிர் மஞ்சளித்தால் நீர் தேங்கியதோ, சத்துக் குறைவோ, பூச்சியோ என்று குடியானவர் முதலில் வேரைப் பிடுங்கிப் பார்க்கிறார். மனிதரின் நெஞ்சுக்கும் அதே ஆராய்ச்சி வேண்டும்.

நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது காசநோயையே. க்ஷயம் என்று முன்னோர் அழைத்த இந்நோய்க்குக் காரணமான கிருமியை 1882-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்தார். கிருமி தங்கிய இடத்தில் தசை பாலாடைக்கட்டிபோல் இளகி அழுகும், அழுகியது மூச்சுக்குழாய்க்கு வழி கண்டு சளியோடு வெளியேறும், எஞ்சுவது குழி. காற்றோட்டம் மிகுந்த அக்குழியில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ஆதலால் ஓட்டை உடைய காச நோயாளி இருமும்போது வீட்டிலுள்ளோருக்குத் தொற்றும் அபாயம் மிகுதி. காலதாமதம் செய்யலாகாது என்பதன் காரணம் இதுவே.

ஆயினும் எல்லா ஓட்டையும் காசத்தால் வந்ததன்று. மது மயக்கத்திலோ வலிப்பிலோ நினைவிழந்து கிடந்தவர், வாயிலுள்ள அசுத்தம் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் சீழ்க்கட்டி கொள்வதுண்டு. துர்நாற்றம் வீசும் சளி இதற்கு ஒரு குறி. இதன் மருந்து வேறு. நெடுநாள் பீடி குடித்தவருக்குப் புற்றுநோய்க் கட்டியின் நடுப்பகுதி அழிந்து குழியாகலாம். மழைக்காலத்தில் சேற்றில் உழைப்போர், அதிலும் நீரிழிவு உடையோர், மெலியாய்டோசிஸ் என்னும் நோயையும் அறிந்திருத்தல் நலம். அதன் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. காசத்தைப் போலவே வேடம் பூண்டு வரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பலரிடம் கண்டறியப்பட்டுள்ளது. இதற்குக் காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினும் பயனில்லை, நாள்தான் வீணாகும்.

இவற்றை எக்ஸ்ரே பிரித்துக் காட்டாதோ எனலாம். ஓரளவு காட்டும். நுரையீரலின் மேற்பகுதியில் குழி இருப்பின் காசம் என்று ஐயுறுவர். உள்ளே நீர்மட்டம் தெரியின் சீழ்க்கட்டி என்பர். சுவர் தடித்து ஒழுங்கற்றிருப்பின் புற்றுநோயை நினைப்பர். ஆனால் நீரிழிவு உடையவருக்குக் காசம் கீழ்ப்பகுதியிலும் தோன்றும். நமது மலையிலேயே காவலூரில் பெரிய தொலைநோக்கி உள்ளது. விண்மீனின் உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் அறிஞர்கள் நிறைவடைவதில்லை. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தே அதில் என்ன பொருள் உள்ளது என்று கூறுகின்றனர். எக்ஸ்ரே உருவத்தைக் காட்டும். பொருளைச் சொல்வது சளியே.

சளியை நுண்பெருக்கியில் பார்ப்பது பழைய முறை. கிருமி மிகுதியாக இருந்தாலன்றி அதில் புலப்படாது. சிபிநாட், ட்ரூநாட் எனப்படும் மரபணுச் சோதனைகள் குறைந்த கிருமியையும் சில மணி நேரத்தில் கண்டுபிடிப்பதோடு, முக்கிய மருந்தான ரிபாம்பிசின் பலிக்குமா என்பதையும் தெரிவிக்கின்றன. இவற்றில் காசம் இல்லையெனத் தெரிந்து நோயும் குறையாவிடில், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குச் சென்று சி.டி. படமும் பிற கிருமிகளுக்கான சோதனையும் செய்துகொள்வதே முறை. சர்க்கரை அளவையும் எச்.ஐ.வி.யையும் உடன் பார்த்துவிடுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருமலுக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் சில, காசக் கிருமியைச் சிறிது அடக்கி நோயை மறைத்துவிடும். அடுப்புப் புகையால் வந்த இருமல் என்று மாதக்கணக்கில் பொறுத்திருப்பதும் நமது மலைவாசிகளிடம் காணும் வழக்கமே. இரண்டு வாரம் நீடித்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம் என்க.

முன்பு காசம் வந்து குணமானவர் செய்தி வேறு. ஆறு மாத மருந்து முடிந்த பின்னும் படத்தில் ஓட்டை தெரியலாம், அது தழும்பு. அதைக் கண்டு மீண்டும் மாத்திரை தொடங்குதல் தவறு. அந்தப் பழைய குழியில் பூஞ்சைக் காளான் பந்துபோல் வளர்ந்து இரத்தம் கக்கச் செய்வதும் உண்டு. மரபணுச் சோதனை செத்த கிருமியையும் காட்டக்கூடுமாதலால், இத்தகையோருக்குக் கிருமி வளர்ப்புச் சோதனை தேவை. முடிவு வர இரண்டு முதல் எட்டு வாரம் ஆகும், பொறுமை வேண்டும்.

நோய் காசமே என்று தெரிந்தால் வீடு துறந்து போக வேண்டுமோ என அஞ்சுவோர் இன்றும் உளர். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து பெறும் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என 1959-லேயே உலகுக்குக் காட்டிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. அது வங்கிக் கணக்கில் சேர்வதால், கணக்கில்லாதவருக்கு அதைத் திறந்து கொடுப்பதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் உடன் சென்று உதவலாம்.

சளி எடுப்பதிலும் பிழை நேர்கிறது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகின்றனர். காலையில் எழுந்ததும் வெறும் நீரால் வாய் கொப்பளித்து, ஆழ்ந்து மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கொணர்வதே சளி. வீட்டுக்குள் அன்றி, பிறர் இல்லாத திறந்த வெளியில் எடுத்து, சுகாதார ஊழியர் தந்த டப்பியை இறுக மூடி, பெயரெழுதி, வெயில் படாமல் அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும். பஸ் எட்டாத குக்கிராமங்களில் டப்பியைக் கொண்டுசெல்ல இன்ன நாளில் இன்னார் என்று உறுப்பினர்கள் முறைவைத்துக்கொண்டால், நோயாளி காய்ச்சலோடு பத்து மைல் நடந்து இறங்கத் தேவையிராது.