மூச்சு வாங்கும் நாளும் பேசிக்கொண்டே ஓடும் நாளும்

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மாதக்கணக்கில் ஒரு நாள் விடாமல் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடியும் 5000 மீட்டரில் 21 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். கூடவே தினசரி டைமிங்கையும் எழுதி அனுப்பினாயே, அது நல்லதாய்ப் போயிற்று. கிரவுண்டில் ஒரு ரவுண்டு, அதாவது 400 மீட்டர், இரண்டு நிமிடம். திங்கட்கிழமை இரண்டு நிமிடம், வெள்ளிக்கிழமையும் இரண்டு நிமிடம். எல்லா நாளும் ஒரே வேகம். முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது.

உன் உழைப்பில் குறை இல்லை. அந்த வேகம்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாள் களைப்பைக் கொடுக்கிற அளவுக்கு அது கடினம். உடலின் உச்சவரம்பை உயர்த்துகிற அளவுக்கு அது கடினமில்லை. கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உங்கள் கோச் வீஓடூ மேக்ஸ் என்று சொல்லிக் கேட்டிருப்பாய். ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடியும் என்பதன் அளவு அது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் போதும். பயிற்சி இல்லாத இளைஞர்களுக்கு உச்சம் 40-ஐ ஒட்டி இருக்கும். உலகத்தர நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70, 80 என்று போகும். ஓட்டத்தின் வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கூடிக்கொண்டே போய், ஓர் இடத்துக்கு மேல் கூடாமல் நின்றுவிடும் என்பதை 1923-இல் ஏ.வி.ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் எழுதினார்கள். ஹில் தசைகளைப் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். வெளிவிடும் மூச்சைப் பிடித்துவைக்கும் பையை முதுகில் கட்டிக்கொண்டு தானே புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடி அளந்தவர்.

அந்த வரம்பை நுரையீரல் தீர்மானிக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால்தான் மூச்சுப் பயிற்சி செய்யட்டுமா என்று நீயும் கேட்டிருக்கிறாய். ஆரோக்கியமான ஒருவருக்கு, எவ்வளவு வேகமாக ஓடினாலும், நுரையீரலை விட்டுக் கிளம்பும் ரத்தம் பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்தே கிளம்புகிறது. தட்டுப்பாடு அதற்கு அடுத்த கட்டத்தில். அந்த ரத்தத்தை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இதயம் தசைக்குத் தள்ளுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

உன்னையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். எடை 50 கிலோ. உச்ச வேகத்தில் இதயம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கிறது, ஒரு துடிப்புக்கு 80 மில்லிலிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 16 லிட்டர். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் தசைகள் 140 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உருவிக்கொண்டால் மொத்தம் 2,240 மில்லிலிட்டர். 50-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 45. இந்தக் கணக்கில் நீ எதைக் கூட்ட முடியும்? உச்சத் துடிப்பு பயிற்சியால் ஏறாது, வயது ஆக ஆகக் குறையத்தான் செய்யும். மிஞ்சுவது இரண்டு: ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம், தசை உருவிக்கொள்ளும் ஆக்சிஜன். 80 என்பது 88 ஆனால் உன் 45 ஏறத்தாழ 49 ஆகிவிடும். அந்த 8 மில்லிலிட்டரை எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

இதயம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சுவீடனிலிருந்து வந்த பெங்ட் சால்டின், ஜெரி மிட்செல் முதலானோர் செய்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள், நடக்கவே கூடாது. எழுந்தபோது அவர்களின் ஆக்சிஜன் உச்சம் நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. உச்சத் துடிப்பு குறையவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வந்த ரத்தம் குறைந்திருந்தது. பிறகு எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்ததும் இழந்தது திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது. 30 ஆண்டு கழித்து 1996-இல் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் இருந்த நிலையைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை அவர்களை மோசமான நிலைக்குத் தள்ளியிருந்தது தெரியவந்தது. பரீட்சை என்று சொல்லிப் பயிற்சியை மொத்தமாக நிறுத்திவிடாதே என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இனி, பயிற்சி எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பது. நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹைமில் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும், உன் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. ஓரளவு உடல்தகுதி உள்ள 40 இளைஞர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முதல் குழு உச்சத் துடிப்பில் 70 சதவீதத்தில் 45 நிமிடம் நிதானமாக ஓடியது. இரண்டாவது குழு 85 சதவீதத்தில் 24 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஓடியது. மூன்றாவது குழு 15 வினாடி வேகம், 15 வினாடி மெதுவோட்டம் என்று 47 முறை. நாலாவது குழு 90 முதல் 95 சதவீதத்தில் நாலு நிமிடம், நடுவே மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நாலு முறை. ஒவ்வொருவரும் செலவழித்த மொத்த ஆற்றல் ஏறத்தாழ ஒன்றாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். இதுதான் அந்த ஆய்வின் அழகு: உழைப்பின் அளவு ஒன்று, கடுமை மட்டும் வேறு.

முடிவு என்ன? முதல் இரண்டு குழுவிலும் ஆக்சிஜன் உச்சம் சொல்லிக்கொள்ளும்படி ஏறவில்லை. மூன்றாவதில் 5.5 சதவீதமும் நாலாவதில் 7.2 சதவீதமும் ஏறியது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தமும் அந்த இரண்டு குழுவில்தான் கூடியது, ஏறத்தாழ 10 சதவீதம். இரண்டாவது குழுவை மறுபடி பார். அதுதான் நீ. 85 சதவீதத்தில் தினமும் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருப்பவள்.

இதைப் படித்துவிட்டு மெதுவோட்டம் வீண் என்று முடிவுகட்டிவிடாதே. அவர்கள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தவர்கள், காலமும் எட்டு வாரம்தான். இப்போதுதான் ஓடத் தொடங்கும் ஒருவருக்கு வேகநடைகூட உச்சத்தை ஏற்றும். ஜப்பானில் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில், உச்சத்தில் 70 சதவீத ஆக்சிஜன் செலவில் வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் ஆறு வாரத்தில் 53 என்பது 58 ஆனது. தெம்பு தீரும்வரை 20 வினாடி மிதித்து 10 வினாடி ஓய்ந்தவர்களுக்கு 48 என்பது 55 ஆனது. மிதமான பயிற்சியும் வேலை செய்யும், நேரம் கூடுதலாகக் கொடுத்தால். ஆனால் உன்னைப் போல ஏற்கெனவே ஒரு நிலைக்கு வந்தவளுக்கு அடுத்த படி கடுமையில்தான் இருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து.

ஏன் நாலு நிமிடம்? ஓட ஆரம்பித்தவுடன் ஆக்சிஜன் செலவு உச்சத்தைத் தொட்டுவிடாது. ஒன்றரை, இரண்டு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். மிச்ச நேரத்தில்தான் கால் தசைகளிலிருந்து திரும்பி வரும் ரத்தம் இதயத்தை முழுக்க நிரப்பி அதன் சுவரை இழுத்துப் பிடிக்கிறது. வாரக்கணக்கில் இது தொடரும்போது உடலில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயத்தின் அறை தாராளமாக நிரம்பப் பழகுகிறது. அந்த வேகத்தில் ஒரே மூச்சாக ஓடினால் நெடுநேரம் தாங்கமாட்டாய். பிரித்து ஓடினால் மொத்தம் 16 நிமிடம் கிடைக்கிறது.

உனக்கு இது எப்படி அமையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பதினைந்து நிமிடம் வார்ம் அப். பிறகு இரண்டரை ரவுண்டு, அதாவது 1000 மீட்டர், நாலு நிமிடத்தில். ஒரு ரவுண்டுக்கு 96 வினாடி. முதல் ரவுண்டை 88 வினாடியில் ஓடிவிட்டுக் கடைசியில் இழுத்துக்கொண்டு வருவதால் பயனில்லை, 96 என்றால் 96. ஓடி முடித்ததும் இடுப்பில் கைவைத்து நிற்காதே, உட்காராதே. மூன்று நிமிடம் மெல்ல ஓடிக்கொண்டே இரு. இப்படி நாலு முறை. இரண்டாவது நிமிடத்துக்கு மேல் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வரக்கூடாது. ஆனால் நாலாவது முறை முடிந்ததும், வேண்டுமானால் இன்னும் ஒன்று ஓடலாம் என்று தோன்ற வேண்டும். கால் தள்ளாடினால் வேகம் அதிகம். உச்சத் துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரத்தை நம்பி இருக்காதே, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். உன் மூச்சும் ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

வாரத்துக்கு இது இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிடம் இருபது வினாடிக்குக் குறையாமல் ஓடு. பக்கத்தில் வருகிறவளோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், கூட ஓடுகிற பிள்ளைகள் முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும். உலகத்தர படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்களின் பயிற்சியை ஸ்டீபன் சைலர் ஆராய்ந்தபோது, ஐந்தில் நாலு பங்கு பயிற்சி இப்படி நிதானமாகத்தான் இருந்தது. மெதுவான நாட்கள் தசைக்குள் வேலை செய்கின்றன. ஜான் ஹாலோசி 1967-இல் எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தபோது, தசையின் மைட்டோகாண்ட்ரியாக்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரு மடங்கானது. மைட்டோகாண்ட்ரியா கூடினால், உச்சத்துக்கு நெருங்கிய வேகத்தை நெடுநேரம் தாங்கலாம். 5000 மீட்டருக்கு அதுவும் வேண்டும்.

காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துவிடு. நம் ஊர் வெயில் ஏறினால் ரத்தம் உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், அதே வேகத்துக்குத் துடிப்பு எகிறும். பயிற்சி கடுமையாக இருப்பதுபோல் தெரியும், பலன் இருக்காது.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். உனக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 13 கிராம் இருந்தால் ஒரு லிட்டர் ரத்தத்தில் 174 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 10 கிராம் என்றால் 134 மட்டுமே. அப்போது 140-ஐ உருவ ரத்தத்தில் அவ்வளவு ஆக்சிஜனே இல்லை, எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. ஓடுகிற பெண்களும் அதற்கு விலக்கில்லை. மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இந்தக் கவலை உண்டு. 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

உன் தோழிக்கு உன்னைவிடச் சீக்கிரம் டைமிங் குறைந்தால் மனம் தளராதே. ஹெரிட்டேஜ் என்ற குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே பயிற்சியை 20 வாரம் கொடுத்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் ஏறியது. சிலருக்கு அசையவே இல்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஏறத்தாழ பாதி வித்தியாசம் பிறப்போடு வந்தது.

நாளைக்கே அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு எண்ணை எனக்குச் சொல். சரியாக இருந்தால் வரும் செவ்வாய்க்கிழமை முதல் நாலு நிமிடத்தை ஆரம்பி. எட்டு வாரம் முடிந்ததும் அதே கிரவுண்டில், அதே நேரத்தில் 5000 மீட்டர் ஓடி, ரவுண்டு வாரியாக டைமிங்கை எழுதி அனுப்பு.

அன்புடன்,
சித்தி