அறுவை வார்டுக்கு ஓர் அட்மிஷன் படிவம்: தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

அறுவை வார்டில் கேஸ் ஷீட்டை எழுதுபவர் ஒருவர், படிப்பவர்கள் பலர். பகலில் ஹவுஸ் சர்ஜன் எழுதியதை இரவில் வேறொரு ட்யூட்டி டாக்டர் புரட்டுவார். மறுநாள் அனஸ்தீசியா மருத்துவர் கையிலும், பிறகு தியேட்டர் சிஸ்டர் கையிலும் அது இருக்கும். வெள்ளைத்தாளில் எழுதும்போது எழுதுபவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது மட்டுமே அதில் இருக்கும். அச்சிட்ட படிவம் இந்தக் குறையைத்தான் போக்குகிறது.

இந்தக் கவலை நூறாண்டு பழையது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1919-இல் 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தபோது, குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான, சரியான பதிவேடு வேண்டும் என்பதும் அந்தத் தரத்தில் ஒன்று. தேறாதவற்றில் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்ததால், பட்டியல் வெளியே போகாமலிருக்க நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் போட்டு எரித்தார்கள்.

படி 1: பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுங்கள்

படிவம் வரைய உட்காருவதற்கு முன், ரெக்கார்ட் பிரிவிலிருந்து போன மாதத்து அட்மிஷன்களில் ஒரு முப்பதை எடுங்கள். இரவில் வந்தவை, அவசரமாக வந்தவை, நாள் குறித்து வந்தவை எல்லாம் கலந்திருக்கட்டும். ஒவ்வாமை, தினசரி மருந்துகள், முந்தைய ஆபரேஷன், எந்தப் பக்கம், எழுதியவர் பெயர், தேதி, நேரம் என்று பத்துப் பதினைந்து விஷயங்களை எழுதிக்கொண்டு, எத்தனை ஷீட்டில் எது இருக்கிறது என்று குறியுங்கள். எழுதிய டாக்டரின் பெயரைக் குறிக்க வேண்டாம். ஆள் தேடுகிறார்கள் என்ற பேச்சு பரவினால் அதற்குப் பிறகு யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

படி 2: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

பெயர், வயது, ஐ.பி. எண், காப்பீட்டுத் திட்ட அட்டை எண், துணைக்கு இருப்பவரின் கைபேசி எண், விபத்து அல்லது அடிதடி என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண்: இவற்றை எல்லோரும் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். கோட்டை விடுவது மருந்துப் பகுதியில். வார்டில் தினமும் நடக்கும் உரையாடல் இது:

“ஐயா, தினமும் மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“சுகர், பிரஷர்?”

“சுகருக்கு மட்டும் காலைல ஒண்ணு.”

“நெஞ்சுக்கு ஏதாவது?”

“ஸ்டென்ட் வெச்சப்ப குடுத்தாங்க. அது பழசுங்க, நாலு வருசமா ஓடுது.”

முதல் பதிலோடு பேனாவை மூடியிருந்தால் ஷீட்டில் ‘மருந்து ஏதுமில்லை’ என்று ஏறியிருக்கும். அதனால் ‘மருந்துகள்’ என்று ஒற்றைக் கட்டம் போடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு, ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை, சித்த மருந்து என்று தனித்தனி வரிகள் வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள். ரத்தத்தை மெலிதாக்கும் க்ளோபிடோக்ரலின் விளைவு மாத்திரையை நிறுத்தியும் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். ஸ்டென்ட் உள்ளவருக்கு அதை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை நாள் குறித்த ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. ‘சுகர் மாத்திரை’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வெறும் வயிறா என்ற கேள்விக்கும் ஆம், இல்லை போதாது. கடைசியாக என்ன, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தண்ணீருக்கு இரண்டு மணி நேரம், இட்லி போன்ற லேசான உணவுக்கு ஆறு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அதற்கும் ஆறு மணி நேரம்தான். நோயாளிக்கு அது தெரிந்திருக்காது.

ஆபரேஷன் எந்தப் பக்கம் என்பதை ‘வலது’, ‘இடது’ என்று முழுச் சொல்லாக எழுத வையுங்கள். அவசரக் கையெழுத்தில் ஒற்றை எழுத்தை நம்ப முடியாது.

படி 3: ‘இல்லை’ வேறு, ‘கேட்கவில்லை’ வேறு

என்னைக் கேட்டால் படிவத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால், ஒவ்வாமை கிடையாது என்று பொருளா, யாரும் கேட்கவே இல்லை என்று பொருளா? இரவு இரண்டு மணிக்கு ஊசி போட நிற்கும் சிஸ்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். எனவே முக்கியமான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள்: உண்டு, இல்லை, கேட்க முடியவில்லை. மூன்றாவதில் டிக் போட்டால் காரணமும் எழுத வேண்டும்: மயக்கத்தில் இருந்தார், துணைக்கு யாருமில்லை, மொழி தெரியவில்லை. வட மாநிலத் தொழிலாளர்கள் அதிகம் வரும் ஊர்களில் கடைசிக் காரணத்துக்கு அடிக்கடி வேலை இருக்கும்.

படி 4: தாள்

ஏ4 தாள், இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வாமை முதல் பக்கத்தின் மேலே வரட்டும். நோயின் கதையை எழுதக் கோடிட்ட இடம் தாராளமாக விடுங்கள். வயிற்று வலி எப்படித் தொடங்கி எங்கே நகர்ந்தது என்பதை டிக் குறிகளால் சொல்ல முடியாது. அடியில் பெயர், கையொப்பம், பதிவு எண், இருபத்து நான்கு மணிக் கணக்கில் நேரம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும், உள்நோயாளிப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள். அதனால் நகலெடுத்தாலும் படிக்க வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 5: ஒரு யூனிட்டில் ஓட்டிப் பாருங்கள்

முதல் நாளே ஐந்நூறு அச்சடிக்காதீர்கள். ஜெராக்ஸில் இருபது எடுத்து, ஒரே யூனிட்டில், ஒரு அட்மிஷன் நாளில் கொடுங்கள். எந்தக் கட்டம் எல்லாத் தாளிலும் காலியாக வருகிறதோ, பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் கோளாறு. திருத்திவிட்டு அடுத்த இருபது.

படிவத்தை நிரப்பச் சொல்லும் வலியுறுத்தல் இல்லாமல் எதுவும் நடக்காதுதான். ஆனால் வலியுறுத்தல் மட்டுமே போதும் என்றும் நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது (டெல்லியும் அதில் ஒன்று) இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. முடிவு 2009-இல் வெளியானது. கனடாவின் ஒன்டாரியோவில் அதே பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. டிக் போடுவதும் கேட்பதும் ஒன்றல்ல என்பதுதான் இதற்கு நான் கொள்ளும் விளக்கம். யூனிட் சீஃப் ரவுண்ட்ஸில் இந்தத் தாளை வாங்கிப் படித்து, அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த வாரம் முழுசாக நிரம்பி வரும்.

படி 6: மறுபடி எண்ணுங்கள்

மூன்று மாதம் கழித்து இன்னொரு முப்பது ஷீட், அதே கேள்விகள். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஹவுஸ் சர்ஜன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிய அணி வரும் முதல் நாள் காலை பத்து நிமிடம் ஒதுக்கி, நிரப்பிய மாதிரித் தாள் ஒன்றைக் காட்டுங்கள்.

படிவத்தைத் திருத்தும்போதெல்லாம் மூலையில் தேதியை மாற்றி அச்சிடுங்கள். பழைய கட்டை அன்றே வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மேஜை டிராயரில் பத்துத் தாள் மிச்சமிருந்தாலும் இரவு ட்யூட்டியில் அதுதான் முதலில் கைக்கு வரும்.