பொது நிலம்: அதன் கணக்கும் காவலும்

(செய்யூர் வட்டார ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

பட்டாதாரர் ஒருவர் தம் வரப்பு ஒரு சாண் குறைந்தாலும் அன்றே அறிந்துகொள்வார். மாடு மேயும் வெளியிலோ, ஏரிக்கரையிலோ, கடலுக்குச் செல்லும் தடத்திலோ ஒரு ஏக்கர் குறைந்தால், ஊரார் அறிவதற்குள் பல வருஷங்கள் சென்றுவிடுகின்றன. எல்லோருக்கும் உரியதன் கணக்கை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதே காரணம். பெரும்பாலும் பொது நிலம் முதலில் கணக்கில் மாறுகிறது. பிறகே தரையில் வேலி எழும்புகிறது. ஆதலால் காவலும் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

1. பொது நிலம் யாவை?

ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு, பாதை ஆகியவை நாம் அன்றாடம் காணும் புறம்போக்குகள். செய்யூருக்குக் கிழக்கே இவற்றுடன் உப்பங்கழியும் கடற்கரையும் சேருகின்றன. ஒதியூர்க் கழியில் மீன் பிடிப்போரும் இறால் தடவும் இருளரும் பிழைக்கின்றனர். அதே கழியில் முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. உல்லாசமாக வருவோருக்கும் உழைத்துப் பிழைப்போருக்கும் ஒரே நீர் பயன்படுகிறது. ஒருவர் வசதி மற்றவர் வழியை அடைக்காதபடி பார்த்துக்கொள்வது ஊராரின் பொறுப்பு.

பொது நிலம் சங்கத்துக்குச் சம்பந்தமற்ற விஷயம் என்று எண்ணலாகாது. கறவை மாட்டுக்குக் கடன் வாங்கிய அங்கத்தினர் மேய்ச்சல் வெளியை இழந்தால் வைக்கோலையும் தீவனத்தையும் விலைக்கு வாங்க வேண்டும். பிறகு கடன் தவணை தவறும். சொந்த நிலமில்லாதவருக்கோ புறம்போக்கு ஒன்றே நிலம்.

2. எழுத்து காத்த ஏரி

நமக்கு அருகிலுள்ள மதுராந்தகம் தாலுகாவில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாகும் என்று கண்ட குடிகள், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டை விளையாட்டாகப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கௌலாக எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இடையே 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை எழுந்து, பலத்த ஆட்சேபத்தின்பின் கைவிடப்பட்டது.

குடிகளின் வழக்கம் எழுத்தில் ஏறியதனால், பின்வந்தவர்கள் அதை மறுப்பது அரிதாயிற்று.

3. செய்யூரில் நேர்ந்தது

செய்யூர், வெடால் கிராமங்களில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று உத்தேசிக்கப்பட்டது. நிலக்கரி இறக்கப் பனையூரில் துறைமுகம் அமைப்பதாகவும் திட்டம். 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலத்தையும் அறிக்கை உள்ளபடி காட்டவில்லை என்று ஆட்சேபம் எழுந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஏலத்துக்கு வந்த தனியார் கம்பெனிகள் விலகியதால் 2015-இல் ஏலம் ரத்தாயிற்று. ஊர்க்கணக்கின் பலத்தால் நேர்ந்ததன்று இது. அடுத்த திட்டத்துக்கும் இவ்வாறே ஆகும் என்று நம்பியிருத்தல் கூடாது. மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. ஊரில் என்ன நிலம் உண்டு என்பதை வெளியார் எழுதுமுன் ஊரார் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

4. சட்டத்தின் துணை

1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுப் பாதைகள், ஆறுகள், கழிகள், கடலின் தரை முதலியவை சர்க்காரின் சொத்து என்கிறது. ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து, சமாதானம் கேட்டு, அப்புறப்படுத்த அது வழி செய்கிறது. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி ரயத்துவாரி கிராமங்களின் மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியின் வசமுள்ளன. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, கடற்கரை, ஓடும் நீர் முதலியவற்றுக்கு அரசு தர்மகர்த்தாவே என்று தீர்ப்பளித்தது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாகாணங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் முறைப்படி கொடுத்த குத்தகை போன்றவற்றுக்கு அத்தீர்ப்பு இடம் வைத்தது. ஆகவே பெரிய வேலிகளை விட்டுவிட்டு ஏழையின் குடிசைமேல் சட்டத்தை ஏவுவது நியாயமாகாது.

5. சங்கம் செய்யக்கூடியவை

(அ) கிராம நிர்வாக அதிகாரியிடமும் தாலுகா ஆபீஸிலும் ‘அ’ பதிவேடு, அடங்கல், கிராமப்படம், புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கவும். நகல் மறுக்கப்பட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யவும்.

(ஆ) சர்வே நம்பர் வாரியாகப் புறம்போக்குகளுக்கு ஜாபிதா தயாரிக்கவும். ‘மேய்க்கால்’ என்றிருந்தது ‘தரிசு’ என்று மாறியிருக்கிறதா என்று விசேஷமாகக் கவனிக்கவும். தரிசென்று எழுதப்பட்ட நிலம் பிறருக்கு ஒப்படை செய்ய எளிதில் இலக்காகும்.

(இ) ஆடு மாடு மேய்ப்போர், மீனவர், இருளர், பெண்கள் ஆகியோருடன் எல்லைகளை நடந்து பார்க்கவும். அவர்கள் அறிந்த தடங்கள் படத்தில் இல்லாதிருக்கலாம், அவற்றையும் குறித்துக்கொள்ளவும்.

(ஈ) ஜாபிதாவைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக நிறைவேற்றவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். பேரூராட்சிப் பகுதியினர் தங்கள் மன்றத்துக்கு மகஜர் அளிக்கலாம்.

(உ) பதிவில் பிழை கண்டால் ஜமாபந்தியில் மனுக் கொடுத்து, ரசீது பெற்றுச் சங்கத்தில் பத்திரப்படுத்தவும்.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் கிராமத்தில் மேய்க்கால் எத்தனை ஏக்கர்? அதில் இன்று மாடு மேய்வது எவ்வளவு?

2. கடலுக்கோ கழிக்கோ செல்லும் வழிகளில் அடைபட்டவை எவை? அவை படத்தில் உள்ளனவா?

3. பொது நிலம் குறைந்தால் நம் அங்கத்தினரில் முதலில் நஷ்டமடைவோர் யார்? அவர்கள் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார்களா?