கரிசலில் வானம் தோண்டுமுன்...

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மரம் குறைந்த சமவெளி, கறுத்த மண், பருத்தி, கம்பு. ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கே கதி. மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கிற அதே மண், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

காரணம், மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம். அதன் ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் விவசாயிக்கு இது வரம். நமக்கோ சோதனை! மூன்றடி வானத்தில் கட்டிய எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல். கொத்தனாரைத் திட்டிக்கொண்டே இருந்தோம். லேபில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணை, 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் வாலை வடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மி.லி., தண்ணீரில் 18 மி.லி. என்றால் உப்புதல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே உஷார்!

இதற்கு அண்டர் ரீம்ட் பைல் நல்ல வழி. தண்டைப்போல் 2.5 மடங்கு அகலமான குமிழ், ஈரம் மாறாத ஆழத்தில் ஊன்றி நிற்கும்.

நாளைக்கு சைட்டில் நிற்கப்போவது நாம்தான். முதலில் மண்ணைக் கேளுங்கள். பிறகு கடப்பாரையை எடுங்கள்.